மான் வேட்டைக்கு மொரிஷியஸ் வருகிறவர்களுக்கு, தூக்குகிறவன் சொல்வது

மான் வேட்டைக்கு மொரிஷியஸ் வரலாமென்று இருக்கிறேன், என்ன எடுத்து வரட்டும் என்று கேட்கிறவர்கள் எல்லாரும் துப்பாக்கியில்தான் ஆரம்பிக்கிறார்கள். என்ன ரகம், துப்பாக்கி மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் எத்தனை மடங்கு, எவ்வளவு தூரத்தில் சுடவேண்டியிருக்கும். அடுத்த கேள்வி பெரும்பாலும் இலை இலையாக அச்சடித்த பச்சை உடுப்பைப் பற்றி. சுட்ட பிறகு நூறு கிலோ மிருகம் ஒன்று பள்ளத்தில் கிடக்கும், மழை தூறிக்கொண்டிருக்கும், இருட்ட அரை மணி நேரம்தான் இருக்கும், அந்த நேரத்தில் கையில் என்ன வேண்டும் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

நான் சுடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சனிக்கிழமைகளில் மச்சானின் கூட்டத்தோடு காட்டுக்குப் போய் தூக்குவது, அறுப்பது, துணியில் சுற்றுவது, ஜீப்பில் ஏற்றுவது என்று என் பங்கைச் செய்கிறவன். சுடுகிறவர்களுக்கு வேட்டை ஒரு நொடியில் முடிந்துவிடும், எனக்கு அப்போதுதான் தொடங்கும். அதனால் எந்தச் சாமானுக்குப் பணம் போடலாம் என்பதில் எனக்கும் அவர்களுக்கும் எப்போதும் சண்டை.

முதலில் மானைப் பற்றிக் கொஞ்சம். இது நம் புள்ளிமான் இல்லை, கடமானுக்குப் பங்காளி முறை. ஜாவாவிலிருந்து 1639இல் டச்சுக்காரர்கள் கொண்டுவந்த ரூசா மான். அப்போதைய ஆளுநர் ஆட்ரியான் வான் டெர் ஸ்டெல் காலத்தில் வந்து இறங்கியது. டச்சுக்காரர்கள் 1710இல் தீவையே கைவிட்டுப் போனார்கள், மான் போகவில்லை. புலியோ சிறுத்தையோ இல்லாத தீவு என்பதால் அது பெருகுவதற்குத் தடையே இல்லை. கருங்காலி போன்ற இந்த மண்ணின் மரங்களின் கன்றுகளை மேய்ந்துவிடுகிறது என்று பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் பிரிஸ் ஃபேர் மாதிரியான இடங்களில் மானும் காட்டுப்பன்றியும் நுழையாமல் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். வேட்டை நடப்பது பூங்காவில் இல்லை, 'ஷாசே' என்று இங்கே சொல்லும் வேட்டை நிலங்களில். சில பழைய கரும்புத் தோட்டக்காரர்களுடையவை, சில அரசு நிலத்தைக் குத்தகை எடுத்தவை. நாய்களோடும் ஆட்களோடும் மானைக் கலைத்து விரட்ட, சுடுகிறவர்கள் மிராதோர் எனும் பரண்களில் காத்திருப்பது ஒரு வகை. காற்றுக்கு எதிராக அடி மேல் அடி வைத்து நடந்துபோய் அணுகுவது இன்னொரு வகை. வெளியூரிலிருந்து தனியாக வருகிறவர்களுக்கு இரண்டாவதுதான் சரி, நான் எழுதுவதும் அதைப் பற்றியே.

போன குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து என் சித்தி மகன் வந்தான், எனக்குத் தம்பி முறை. கரூ எனும் வறண்ட வெளியில் ஸ்பிரிங்பாக், குடு போன்ற மான் வகைகள் என்று சிறு வயதிலிருந்து வேட்டையில் பழகியவன், என்னைவிடப் பத்து மடங்கு விஷயம் தெரிந்தவன். ஆனால் அவன் தெரிந்துவைத்திருந்ததெல்லாம் காய்ந்த ஊர் விஷயம். வாத்து இறகு அடைத்த ஜாக்கெட், முழங்காலுக்குக் கீழே வரை தடித்த தோல் பூட்ஸ், ஆறிலிருந்து இருபத்துநான்கு மடங்கு வரை போகும் பெரிய ஸ்கோப். சாமரேல் மேட்டுக்குப் பின்னால் இருக்கும் புதருக்குள் மான் எழுபது, எண்பது மீட்டரில் நிற்கும், நூற்றைம்பது என்பதே பெரிய தூரம். மடங்கைக் கூட்டி வைத்துப் பார்த்தால் அந்தத் தூரத்தில் குழாய்க்குள் பழுப்பு நிறம் மட்டும்தான் தெரிகிறது, அது தோளா தொடையா என்று கண்டுபிடிப்பதற்குள் மான் போய்விடும். மச்சானின் பழைய ஸ்கோப் ஒன்றரையிலிருந்து ஆறு மடங்கு, இந்தக் காட்டுக்கு அது போதும்.

துப்பாக்கியைக் கொண்டுவருவதா வேண்டாமா? வேண்டாம் என்றுதான் சொல்வேன். இங்கே முன்கூட்டிய போலீஸ் அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு இறங்கமுடியாது. புறப்படும் நாட்டில் ஒரு தாள், இங்கே ஒரு தாள், விமான நிறுவனத்திடம் ஒரு தாள், இதில் ஒன்று பிந்தினாலும் விடுமுறை கவுண்டரிலேயே கழியும். கொண்டுவந்தே தீருவேன் என்கிறவர்கள் தோட்டா இல்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், செக்-இன் சாமானாகத்தான் போடமுடியும். தோட்டாக்கள் தனியாக, ஒருவருக்கு ஐந்து கிலோவுக்கு மேல் போகாமல், நிறுவனத்தின் ஒப்புதலோடு. நிலத்துக்காரர்களிடம் முன்பே பேசினால் அவர்கள் ஆளை வைத்தே, அவர்கள் துப்பாக்கியையே கொடுக்கிற ஏற்பாடுகள் இருக்கின்றன. முதல் நாள் மாலை அதைக் கொண்டு அட்டையில் நாலு தோட்டா சுட்டுப் பழகிக்கொண்டால் போதும். 308 ரகமோ 270 ரகமோ எதுவானாலும் இந்த மானுக்குத் தாராளம்.

துப்பாக்கியை விட்டதும் பெட்டியில் ஐந்தாறு கிலோ மிச்சமாகிறது, அந்த இடத்தில் வையுங்கள் உபயோகமானதை. பைனாகுலரைக் கைப்பையிலும் பூட்ஸைக் காலிலும் போட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து இங்கே நாலு மணி நேரம்தான், ஆனால் தம்பியின் பெட்டி வந்துசேர ஒன்றரை நாள் ஆனது. அவனை அழைத்துவந்த விமான நிறுவனம் மன்னிப்புக் கடிதம் அழகாக எழுதியிருந்தது, பூட்ஸ் மட்டும் வரவில்லை. இறைச்சிக் கத்தி கைப்பையில் போகாது, பெட்டியில் வையுங்கள். பவர் பேங்க் நேர் எதிர், அது கைப்பையில் மட்டுமே போகும், பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். நூறு வாட்-அவருக்குள் இருந்தால் கேள்வி இல்லை. கேஸ் அடுப்பு சிலிண்டர் எதிலும் போகாது. பண்ணையிலோ காட்டிலோ போட்ட பூட்ஸை அடிமண் போகத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து எடுத்துவாருங்கள், 2016இல் கோமாரி நோய் வந்து பட்ட பாட்டை இங்கே மாடு வைத்திருக்கிறவர்கள் மறக்கவில்லை. பில்டாங் எனும் உப்பிட்டுக் காயவைத்த இறைச்சிப் பொட்டலத்தை டர்பனிலேயே விட்டுவிடுங்கள். அதே காரணத்துக்காக இங்கிருந்து இறைச்சி எடுத்துப் போகும் ஆசையும் வேண்டாம், கால்நடைத் துறை தாள்கள் இல்லாமல் அது எங்கேயும் போகாது.

அப்புறம் நேரம். தென்னாப்பிரிக்காவைவிட நாங்கள் இரண்டு மணி நேரம் முன்னால். நாலு மணிக்கு எழுந்திரு என்றால் தம்பியின் உடம்புக்கு அது இரவு இரண்டு மணி. இறங்கின மறுநாளே காட்டுக்குப் போகத் திட்டம் போடாதீர்கள்.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தீவைப் பற்றிப் பேசமுடியாது. கடற்கரைச் சுற்றுலாப் படங்களைப் பார்த்து வருகிறவர்களுக்கு இங்கே குளிர்காலம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும், பிளேன் ஷாம்பாய்ன் மேட்டில் மூடுபனியும் தூறலும் ஒன்றாக வரும், கீழே மேற்குக் கரையில் அதே நேரத்தில் வெயில் காயும். ஒரே காலையில் இரண்டையும் பார்ப்போம். நனைந்த வாத்து இறகு ஈரத் தலையணைபோல ஆகிவிடுகிறது, கதகதப்பு துளியும் இல்லை. கம்பளி அல்லது ஃபிளீஸ் நனைந்தாலும் கொஞ்சம் தாங்கும். மெல்லிய நைலான் ரெயின்கோட் மழைக்கு நல்லது, கொய்யாக் குச்சிகளில் உரசும்போது போடும் சத்தத்தில் மான் அடுத்த மலைக்கே போய்விடும். அதனால் ரெயின்கோட் உள்ளே, ஃபிளீஸ் வெளியே என்று மாற்றிப் போட்டுக்கொள்கிறார் மச்சான். பார்க்கச் சிரிப்பு வரும், ஆனால் வேலை செய்கிறது.

கொய்யாக் குச்சி என்றேனே, அது இந்தக் காட்டின் முக்கிய சங்கதி. சீனக் கொய்யா என்று இங்கே சொல்வது, நெல்லிக்காய் அளவில் சிவப்பாகப் பழுக்கும், உப்பு மிளகாய் தொட்டுத் தின்னலாம், பழமாக இருக்கும்வரை சந்தோஷம். மரமாக அது விரல் பருமனும் கட்டைவிரல் பருமனுமாக நெருக்கி நெருக்கி முளைத்துச் சுவர் கட்டிவிடும். முதுகில் அகலமான பை இருந்தால் ஒவ்வொரு அடியும் மாட்டும். தோளைவிட அகலமில்லாத பை, வெளியே தொங்கும் வார் எதுவும் இல்லாத பை. இந்த ஒன்றைக் கவனித்து வாங்கினாலே பாதிக் களைப்பு போய்விடும். அதே புதரில் இலைக்கு அடியில் மஞ்சள் குளவி கூடு கட்டியிருக்கும். மான் மேல் கண் வைத்துக் கையால் கிளையை ஒதுக்கினால் முகத்திலேயே கொட்டும். மெல்லிய கையுறையும் அலர்ஜி மாத்திரையும் சட்டைப்பையில் இருக்கட்டும், ஒவ்வாமை பெரிதாக உள்ளவர்கள் தங்கள் ஊசியை மறக்கவேண்டாம். பாம்பு பயம் இங்கே இல்லை.

காலுக்கு என்ன? தம்பியின் தோல் பூட்ஸ் முதல் நாள் நனைந்தது, ஊருக்குத் திரும்பும் நாளில்கூடக் காயவில்லை. கரும்பு வெட்டுகிறவர்கள் போடும் ரப்பர் கம்பூட்ஸ் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், செம்மண் சேற்றுக்கு அது நன்றாகவே போகும். ஆனால் ஓடைக்குள் பாசி பிடித்த எரிமலைப் பாறையில் அதுவும் வழுக்கும். துணி மேல்பகுதி, மென்மையான ரப்பர் அடி, தண்ணீர் உள்ளே போனாலும் வெளியே ஓடிவிடும் மாதிரி இருந்தால் அதுதான் என் ஓட்டு. கால் நனையாது என்று எதிர்பார்ப்பதை விட்டுவிடவேண்டும், மாற்றுக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பிளாஸ்டிக் பையில் கட்டி ஜீப்பில் போட்டுவைத்தால் சரி.

காற்றின் திசையைப் பார்க்க வெளிநாட்டில் பவுடர் குப்பி விற்கிறார்கள், வேட்டைக்காரர்களும் வாங்குகிறார்கள். மச்சான் கண் சொட்டுமருந்துக் குப்பியில் திருநீறு அடைத்து வைத்திருக்கிறார், தைப்பூசக் காவடிக்கு வாங்கியதில் மீந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் வெள்ளைப் புகையாகப் பறந்து காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டிவிடும். பள்ளத்தாக்குக்குள் காற்று மேலே ஒரு பக்கமும் கீழே ஒரு பக்கமுமாகச் சுழலும், அதனால் இது அடிக்கடி தேவைப்படும். ஒரு நாள் என் மாமியார் இதைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, கோயில் திருநீறை எடுத்து மானுக்கா ஊதுறே?" என்றார். "முருகன் வேடர் வீட்டு மாப்பிள்ளைதானேம்மா, கோபிச்சுக்க மாட்டார்" என்றார் மச்சான். "அந்த வள்ளி பெறந்ததே மான் வயித்துலதான்டா!" அதற்கு மச்சானிடம் பதில் இல்லை. குப்பி மட்டும் இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது.

இனி என் பகுதி. மான் விழுந்ததும் படம் எடுப்பார்கள், கட்டிக்கொள்வார்கள், கொம்பை அளப்பார்கள். ஆகஸ்டில் பெரிய கடாக்கள் புல்லையும் கொடியையும் கொம்பில் சுற்றிக்கொண்டு திரியும், பெட்டைகளுக்கு முன் பெரிய ஆளாகத் தெரிவதற்காக, அதனால் படம் நன்றாகத்தான் வரும். எனக்கு அதற்குள் உள்ளுக்குள் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். குளிர்காலமே ஆனாலும் கீழ்க்காட்டில் பகல் இருபத்துநாலு, இருபத்தைந்து டிகிரி இருக்கும். மேலே தோல் குளிர்ந்திருக்கும், ஆனால் பின்தொடையில் எலும்பை ஒட்டிய சதை மணிக்கணக்கில் உடம்புச் சூட்டிலேயே இருக்கும். அங்கேதான் முதலில் புளிக்கும். வெளியே பார்க்கச் சிவப்பாக நன்றாக இருக்கும், வீட்டில் எலும்போரம் வெட்டும்போதுதான் நாற்றம் வரும், அப்புறம் நாய்க்குத்தான்.

ஜீப் பக்கத்தில் வருமென்றால் குடலை மட்டும் எடுத்து, நெஞ்சுக்கூட்டைக் குச்சியால் விரித்து வைத்து, நேராக நிலத்துக்காரரின் குளிர் அறைக்குக் கொண்டுபோய்விடலாம். பள்ளமென்றால் அங்கேயே பிரிப்பதுதான் வழி. வயிற்றைத் திறக்காமலே பிரிக்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். முதுகெலும்பு வழியே தோலைக் கீறி ஒரு பக்கமாக உரித்தால் முன்னங்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் கத்தியை ஓடவிட வேண்டியதுதான். அது உடம்போடு மூட்டால் சேர்ந்ததில்லை, வெறும் சதையால் ஒட்டிக்கொண்டிருப்பது. எலும்பில் கத்தி படாமலே கையோடு வந்துவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் இதை நம்பவே மாட்டார்கள், தம்பிகூட இன்னொரு முறை செய்யச் சொல்லிப் பார்த்தான். பின்னங்காலுக்குத் தொடை எலும்பின் குமிழ் குழியில் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கத்தி நுனியால் தேடவேண்டும். உள்ளே அதைப் பிடித்து வைத்திருக்கும் தசைநாரை அறுத்தால் கால் சட்டென்று கழன்று கையில் கனக்கும். முதுகுச் சதை இரண்டு நீளத் துண்டாக வரும். பிறகு புரட்டிப் போட்டு மறுபக்கம். பெரிய கடாவில் எலும்போடு ஐம்பது கிலோவுக்கு மேல் தேறும், இரண்டு பேர் இரண்டு நடையில் மேலே ஏற்றிவிடலாம்.

இதற்குத் தேவையான கத்தி நாலு அங்குலம்தான். தம்பி கொண்டுவந்திருந்த முழநீளக் கத்தி படத்துக்கு நன்றாக இருந்தது. சிறு கத்தி, ஒரு சாணை, அதைவிட முக்கியம் கைப்பிடி ஆரஞ்சோ மஞ்சளோ ஆக இருப்பது. மரக் கைப்பிடிக் கத்தியை ஈர இலைக்கு நடுவில் கீழே வைத்தால் அதைத் தேடுவதற்கே ஒரு ஆள் வேண்டும். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கொன்று, காலையில் போனாலும் எடுத்துப் போங்கள். ஆகஸ்டில் ஆறு மணி வாக்கில் இருட்டத் தொடங்கிவிடும். ரப்பர் கையுறை நாலைந்து ஜோடி, கையில் வெட்டுக்காயத்தோடு ஓடைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு நிற்காதீர்கள், எலிக்காய்ச்சல் இந்தத் தீவில் இருக்கிறது.

இறைச்சி சுற்றும் பைக்கு வெளிநாட்டு இணையக் கடைகளில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து எனக்கு மயக்கமே வந்தது. என் மாமனாரின் பழைய பருத்தி வேட்டிகளை இரண்டாக மடித்து மூன்று பக்கம் தைத்து வைத்திருக்கிறேன். காற்று உள்ளே போகும், ஈ போகாது, ரத்தத்தை உறிஞ்சும், துவைத்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பையில் மட்டும் சூடான இறைச்சியைப் போடவே போடாதீர்கள், உள்ளேயே அவிந்துவிடும். ஜீப்பில் பெரிய ஐஸ் பெட்டி, அதில் உடைத்த ஐஸுக்குப் பதில் முந்தின இரவே உறையவைத்த தண்ணீர் பாட்டில்கள். ஐஸ் உருகிய தண்ணீரில் இறைச்சி ஊறினால் வெளுத்துச் சாரமில்லாமல் போகும், பாட்டிலில் அந்தத் தொல்லை கிடையாது, தாகமெடுத்தால் குடித்தும் கொள்ளலாம். தம்பியின் ஸ்கோப் விலைக்கு இந்த மொத்தப் பட்டியலையும் இருபது தடவை வாங்கியிருக்கலாம் என்று நான் சொன்னதும் அவனுக்குக் கொஞ்சம் கோபம்தான்.

இரும்பு இங்கே ஒரே இரவில் சிவக்கும். மேட்டில் ஈரம், கரையில் உப்புக் காற்று. காட்டிலிருந்து வந்ததும் சோற்றுக்கு உட்காருவதற்கு முன் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடவேண்டும் என்பது மச்சான் வீட்டுச் சட்டம். எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் என்று சாதிப்பார். இருபத்துநாலு டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதை அவருடைய துப்பாக்கியின் போல்ட்டே ஒரு விடியற்காலையில் பிளேன் ஷாம்பாய்னில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டது. இப்போதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பைனாகுலருக்கு எட்டு மடங்கு, 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி, நைட்ரஜன் அடைத்ததாகப் பாருங்கள். ஏசி போட்ட காரிலிருந்து இறங்கினால் வெளிக் கண்ணாடி எப்படியும் பனிக்கும், அதனால் கடைசிப் பத்து நிமிடம் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். பள்ளத்தாக்குக்குள் போன் எடுக்காது, எந்த மேட்டில் எத்தனை மணிக்குச் சந்திப்பது என்பதைப் பிரியும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். சாப்பாட்டைத் திறந்த பிக்கப்பில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தம்பியின் தால் பூரிப் பொட்டலத்தைக் குரங்கு பிரித்து, பூரியைத் தின்றுவிட்டு, மிளகாய்ச் சட்னியை மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தது.

சுட எதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் என் அடுப்பைப் பொறுத்தவரை சாமான் கணக்கில்தான் சேரும். கொம்பு வேண்டுமென்றால் ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முழுக்க, கடாக்கள் கத்திக்கொண்டு தாமாகவே வெளியே வரும். ஆனால் அந்தக் கடாவின் கறியில் ஒரு வாடை இருக்கும், மசாலாவால் மறைக்கலாம், போக்கமுடியாது. கறி வேண்டுமென்றால் இளங்கடாவோ பெட்டையோதான். மான் கொழுப்பு மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும், ஒன்றுவிடாமல் சீவி எறிந்துவிட்டு, ரோஸ் காரி எனும் எங்கள் ஊர் அம்மியில் அரைத்த மசாலாவோடு நிதானமான தீயில் இரண்டு மணி நேரம். மாடு சாப்பிடாதவர், பன்றி சாப்பிடாதவர் என்று எல்லாரும் கலந்து வாழும் தீவில் மான்கறிக்கு இவ்வளவு மவுசு ஏன் என்று முதல் வாயிலேயே தெரியும்.

தேதி கேட்கிறவர்களுக்கு: ஆகஸ்ட் கடைசிக்குள் வந்துபோய்விடுங்கள். செப்டம்பர் 17, 18 வாக்கில் புரட்டாசி பிறந்துவிடும், எங்களுக்குக் கோவிந்தன் விரதம், அதற்குள் ஃப்ரீசரைக் காலி பண்ணிக் கழுவித் துடைத்தாக வேண்டும். அதற்குப் பிறகும் வந்தே தீருவேன் என்றால் யாராவது காட்டுக்குக் கூட்டிப்போவார்கள், சமைக்க எங்கள் வீட்டு அடுப்பும் கிடைக்காது, தூக்க நானும் கிடைக்கமாட்டேன்.